எடை மேடையில் தொடங்கும் வேலை

மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பியிலிருந்து குனுனுரா பக்கம் போகும் கிப் ரிவர் சாலை ஏறக்குறைய 660 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி சரளையும் செம்மண்ணும். மழைக்காலத்தில் ஆறுகள் குறுக்கே பாய்ந்து பாதையை அடைத்துவிடும். வறண்ட மாதங்களில் திறந்ததும் நாடெங்கிலுமிருந்து நான்கு சக்கர இழுவை வண்டிகள் அங்கே வந்து சேர்கின்றன. புத்தம் புதியவற்றுக்கு நடுவே இன்றும் சளைக்காமல் ஓடும் பழைய வண்டிகளில் ஒன்று டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசை. 1990இல் சந்தைக்கு வந்து 1997 வரை ஜப்பானில் தயாரான வண்டி அது. அந்தத் தயாரிப்பில் ஆகக் கடைசியாக வெளிவந்த வண்டிக்கே கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. எஞ்சின் இன்னும் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு பெரும்பாலானவர்கள் எடுக்கும் முதல் முடிவு, சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்துவது.

உயர்த்துவதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலை உயரத்திலிருந்து தொடங்கும்போது பெரும்பாலும் கெட்டுப்போகிறது. எடையிலிருந்து தொடங்கினால் உயரம் தானாக ஒரு நியாயமான இடத்தில் வந்து நிற்கும். பின்னால் இருக்கும் இயற்பியல் பள்ளிக்கூட அளவுதான். அதைப் புரிந்துகொண்டவர் கடைக்காரர் நீட்டும் பட்டியலை வேறு கண்ணோடு பார்ப்பார்.

முதலில் வண்டியின் அடியில் ஒரு முறை படுத்துப் பார்ப்போம். 80க்கு முந்தைய 60 வரிசையில் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். 80இல் நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். ஆனால் ஆக்சில் இரண்டும் முன்போலவே முழு இரும்புக் கட்டை. இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சாயும். பட்டை ஸ்பிரிங் எடையையும் தாங்கும், ஆக்சிலைத் தன் இடத்திலும் பிடித்துவைக்கும். காயிலால் எடையை மட்டுமே தாங்க முடியும். அதனால் ஆக்சிலைப் பிடித்துவைக்கத் தனிக் கைகள் தேவை. முன்னால் சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் இரண்டு கனத்த கைகள். பின்னால் நான்கு. இரண்டு ஆக்சிலுக்கும் பக்கவாட்டில் நழுவாதிருக்க ஒரு குறுக்குத் தண்டு, மெக்கானிக்குகள் பேன்ஹார்ட் ராட் என்று சொல்வது. முன்பக்கத்து ஏற்பாடு, பொறியாளர் ஸ்பென் கிங்கின் குழு உருவாக்கி 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் இருந்ததே. முரட்டு நிலத்தில் ஓடும் வண்டி காரைப் போல மென்மையாகவும் ஓடலாம் என்று காட்டியது அந்த வண்டிதான். அந்தப் பரம்பரையின் நல்ல வாரிசு 80.

இப்போது ஸ்பிரிங். பழைய வண்டி தாழ்ந்து நிற்கிறது. 'ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மென்மையாகிவிட்டது' என்கிறார்கள். தாழ்ந்தது உண்மை, மென்மையானது உண்மையில்லை. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு நான்கு விஷயங்களைப் பொறுத்தது: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, எஃகின் முறுக்கு மீள்மை. முப்பது ஆண்டு சுமை இவற்றில் எதையும் சொல்லும்படியாக மாற்றுவதில்லை. எஃகின் மீள்மை அணுக்களின் பிணைப்பில் இருக்கிறது. அதற்கு வயதாவதில்லை. மாறுவது ஸ்பிரிங்கின் இயல்பான நீளம். தொடர்ந்த சுமையில் எஃகின் படிகங்களுக்குள் மிகச் சிறிய, திரும்ப முடியாத நழுவல்கள் நடக்கின்றன. அவை ஆண்டாண்டாகச் சேர்ந்து ஸ்பிரிங் ஓரிரு சென்டிமீட்டர் குட்டையாகிவிடுகிறது. அதாவது தாழ்ந்த ஸ்பிரிங் புதியதைப் போலவே விறைப்பானது. சக்கரம் மேலேறுவதற்கு மிச்சமிருக்கும் தூரம்தான் குறைந்துவிட்டது. குழியில் விழுந்ததும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் சீக்கிரமே போய் மோதுகிறது. அந்த மோதலைத்தான் ஓட்டுநர் தளர்ச்சி என்று உணர்கிறார்.

ஆகவே தாழ்ந்த வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் மருந்து என்று சொல்ல முடியாது. எத்தனை விறைப்பு வேண்டும் என்பதை எடைதான் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்பக்கத்து ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 500 கிலோ என்றும், ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 98 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். இந்த அமுக்கத்திலிருந்தே வண்டி எத்தனை வேகத்தில் மேலும் கீழும் ஆடும் என்று கண்டுபிடித்துவிடலாம்: சென்டிமீட்டரில் உள்ள அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் போதும். இங்கே விடை வினாடிக்கு 1.6 ஆட்டம், அதாவது 1.6 ஹெர்ட்ஸ். மனிதர் நடக்கும் தாளமும் ஏறக்குறைய அதுவே, அதனால் உடம்புக்கு அது தொந்தரவாகத் தெரிவதில்லை. செங்குத்து ஆட்டத்தில் நம் உடம்பு அதிகம் வருந்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. வயிறும் மார்பும் அங்கே ஒத்ததிர்கின்றன. அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் குமட்டல். நல்ல சஸ்பென்ஷன் இந்த இரண்டுக்கும் இடையிலான ஒடுக்கமான பட்டையில் உட்கார வேண்டியிருக்கிறது.

இப்போது பயணத்துக்குச் சாமான் ஏற்றுவோம். பின்னால் குளிர்பெட்டி, இழுப்பறைகள், கருவிகள், 60 லிட்டர் தண்ணீர், கூடுதல் டீசல் தொட்டி, இரண்டு உபரிச் சக்கரம். டீசல் 100 லிட்டர் என்றால் சுமார் 84 கிலோ. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. கூட்டிப் பார்த்தால் பின்பக்கம் 400 கிலோ எளிதாக ஏறிவிடும், மூலைக்கு 200. பழைய ஸ்பிரிங் இன்னும் 39 மில்லிமீட்டர் அமுங்கும். பின்பக்கம் தாழும், முகம் மேலே பார்க்கும், ஹெட்லைட் மரக்கிளைகளைக் காட்டும். மேலே ஏற மிச்சமிருந்த தூரத்தில் 39 மில்லிமீட்டர் பறிபோகும். விறைப்பை 70 நியூட்டனாக ஏற்றினால்? 700 கிலோவுக்கு அமுக்கம் மறுபடியும் 98 மில்லிமீட்டர், ஆட்டம் மறுபடியும் 1.6 ஹெர்ட்ஸ். கச்சிதம். ஆனால் அதே ஸ்பிரிங்கோடு சாமான் எல்லாம் இறக்கி ஊருக்குள் ஓட்டினால் பின்பக்கம் 28 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், ஆட்டம் 1.9 ஹெர்ட்ஸாகும். காய்கறிச் சந்தைக்குப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் ஏறும்.

ஆகவே ஸ்பிரிங் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டி ஆண்டில் எத்தனை நாள் எந்த எடையோடு ஓடுகிறது என்பது. ஆண்டு முழுக்கக் காலியாக ஓடி, ஒரு மாதம் மட்டும் நிறைசுமையோடு போகிறவருக்கு என் பரிந்துரை, நடுத்தர விறைப்பும் காயிலுக்குள் வைக்கும் காற்றுப் பையும். காற்றடித்தால் பை சுமையில் ஒரு பங்கை ஏற்கும், திரும்பி வந்ததும் காற்றை இறக்கிவிடலாம். நிரந்தரமாக இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டியவருக்கு முன்பக்கம் கனத்த ஸ்பிரிங் அவசியம். மாட்டாதவர் அதை வாங்கக் கூடாது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் பேசும். 80இல் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 2,850 மில்லிமீட்டர். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ மாட்டினால், நெம்புகோல் விதிப்படி பின் ஆக்சில் 135 கிலோ ஏற்கும். முன் ஆக்சிலிலிருந்து 35 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று ஓட்டுநர் நினைப்பார். முன் டயரின் பிடி குறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் மொத்த எடையை மட்டும் தெரிந்துகொள்வது போதாது. பயணத்துக்குப் போவதுபோலவே தொட்டி நிரப்பி, தண்ணீர் நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்து, பொது எடை மேடைக்கு ஓட்டிச் சென்று முன் ஆக்சிலைத் தனியாக, பின் ஆக்சிலைத் தனியாக, பிறகு முழு வண்டியை நிறுக்க வேண்டும். செலவு சொற்பம். அரை மணி நேரத்தில் கிடைக்கும் அந்த மூன்று எண்களுக்கு இணையான ஆலோசனையை எந்த விற்பனையாளரும் தர முடியாது. வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச எடையை ஏற்கெனவே தாண்டிவிட்டோமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அந்த வரம்பு உயராது; பிரேக்கும் சக்கரத் தாங்கிகளும் சேசிஸும் அதே பழையவைதான்.

விறைப்பைப் பற்றி இன்னொரு சிறு விவரம். கம்பியின் தடிமன் நான்காம் படியில் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 16 மில்லிமீட்டர் கம்பி 17 ஆனால் விறைப்பு 27 சதவீதம் கூடும். கையால் தடவிப் பார்த்து இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். அதை விழுங்கித் தீர்ப்பது ஷாக் அப்சார்பர். ஒரு குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆன வால்வுகளும். பிஸ்டன் நகரும் வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் எதிர்க்கிறது. மெதுவாக நகர்த்தினால் கொஞ்சம், வேகமாக நகர்த்தினால் அதிகம். எடையை அது தாங்குவதே இல்லை. ஆகவே ஷாக்கை மட்டும் மாற்றினால் சாதாரண வண்டி உயராது.

முந்தைய கணக்குக்குத் திரும்புவோம். நிறையை 40 சதவீதம் ஏற்றினோம், விறைப்பை 40 சதவீதம் ஏற்றினோம், ஆட்டத்தின் வேகம் மாறவில்லை. ஆனால் தணிப்பு? ஆட்டம் அடங்குவதற்கு வேண்டிய தணிப்பு, நிறையையும் விறைப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவோடு சேர்ந்து ஏறுகிறது. 1.4ஐ 1.4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.4. அதாவது ஷாக்கும் 40 சதவீதம் வலுவாக வேண்டும். புதிய ஸ்பிரிங்கைப் போட்டுப் பழைய ஷாக்கை விட்டுவைத்தால் ஒரு குழிக்கு ஒரு முறை ஆடி நின்ற வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தொகுப்பாகக் கேட்டு வாங்குங்கள் என்று நல்ல கடைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வியாபாரத் தந்திரம் என்று அதை ஒதுக்க வேண்டாம்.

ஷாக்கின் உண்மையான சோதனை பெரிய குழியில் நடப்பதில்லை. சரளைச் சாலையில் குறுக்கே வரிவரியாக எழும்பும் அலைமேடுகளில் நடக்கிறது. ஆஸ்திரேலிய உள்நாட்டில் வண்டிகளை உடைப்பவற்றில் முதலிடம் அவற்றுக்கே. அவை எப்படி உண்டாகின்றன? சஸ்பென்ஷனின் ஆட்டம்தான் மண்ணில் பதிகிறது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2007இல் நிக்கோலஸ் டாபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் அலைகளை உண்டாக்கியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் அலை எழுந்தது. அந்த வரம்பு வேகம் நிஜச் சாலையில் வண்டிகள் ஓடும் வேகத்தைவிட மிகக் குறைவு. அதாவது மண் சாலை இருக்கும்வரை, அதில் வண்டி ஓடும்வரை, அலைகள் இருந்தே தீரும். நம்மால் செய்யக்கூடியது அவற்றின்மேல் சரியாக ஓடுவது மட்டுமே.

அலைமேடுகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 10 மேடுகள். கனத்த இரும்பு ஆக்சில் டயரின் நெகிழ்ச்சிமேல் தானாகக் குதிக்கும் வேகமும் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆக்சில் பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளுகிறது, டாஷ்போர்டு நடுங்குகிறது, கண்ணாடித் திருகுகள் கழன்று விழுகின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே மேடுகள் வினாடிக்கு 28. ஆக்சிலால் அத்தனை வேகமாகக் கீழே இறங்கி ஏற முடியாது. மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவிக்கொண்டே போகிறது, உள்ளே அமைதி. 'வேகமாகப் போனால் சமமாகிவிடும்' என்று உள்நாட்டு ஓட்டுநர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் டயர் அப்போது மேடுகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது. பிரேக் பிடிக்கவும் திரும்பவும் வேண்டிய பிடி பெருமளவு போய்விட்டிருக்கும். அந்த அமைதியை நம்பித் திருப்பத்தில் கவிழ்ந்த வண்டிகள் உண்டு. டயரில் காற்றைக் குறைத்து, நிதானமான ஒரு வேகத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. வண்டியின் முதல் ஸ்பிரிங் டயர்தான், அதன் விறைப்பை மாற்றக் காசு எதுவும் தேவையில்லை.

இந்தத் துள்ளலில் ஷாக்குக்குள் என்ன நடக்கிறது? பிஸ்டன் வினாடிக்கு 10 முறை, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது என்றும், அதன் எதிர்ப்பு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 3,000 நியூட்டன் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஷாக்கும் தொடர்ந்து சுமார் 600 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நான்கு மூலையிலும் நான்கு இஸ்திரிப் பெட்டிகள் மணிக்கணக்கில் எரிவதற்கு இது கிட்டத்தட்டச் சமம். அந்த வெப்பம் முழுக்க ஒரு லிட்டர்கூட இல்லாத எண்ணெயில் ஏறி, குழாயின் வெளிச்சுவர் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகிறது, எதிர்ப்பு குறைகிறது. பழைய பாணி இரட்டைக் குழாய் ஷாக்கில் இன்னொரு சிக்கலும் சேரும். உள்ளே எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால் குலுக்கலில் நுரை கட்டுகிறது. பிஸ்டன் எண்ணெயைத் தள்ளாமல் நுரையைத் தள்ளுகிறது. காலையில் நன்றாக ஓடிய வண்டி பிற்பகலில் படகாகிவிடுவதன் காரணம் இது. மாலையில் நிறுத்தி ஆறவிட்டால் மறுநாள் மறுபடியும் ஓரளவு சரியாகிவிடும். அதனால்தான் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டும்போது குறை தெரிவதில்லை.

பிரெஞ்சு இயற்பியலாளர் கிறிஸ்தியன் புர்சியே த கார்போன் 1950களில் இதற்கு ஒரு விடை கண்டார். ஒரே குழாய், அதற்குள் மிதக்கும் ஒரு தடுப்புப் பிஸ்டன் எண்ணெயையும் அதிக அழுத்த நைட்ரஜனையும் பிரித்துவைக்கிறது. வாயு தனியே இருப்பதால் நுரை இல்லை, அழுத்தம் இருப்பதால் எண்ணெயில் குமிழி எழுவதில்லை, ஒற்றைச் சுவர் என்பதால் வெப்பமும் சீக்கிரம் வெளியேறுகிறது. பில்ஸ்டைன் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. ஆனால் ஒற்றைக் குழாயின் சுவரில் ஒரு கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்குழாய் தப்பும். கல் தெறிக்கும் சாலைகளுக்குக் கனத்த, விட்டம் பெரிய இரட்டைக் குழாய் ஷாக்குகளை ஆஸ்திரேலியாவில் இன்னும் பலர் விரும்புவது இதனால்தான். இரண்டில் எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் பொருளில்லை. எண்ணெயின் அளவும் வெப்பம் வெளியேறும் பரப்பும் எத்தனை என்று கேளுங்கள்.

முன்னும் பின்னும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஓலி, முன்பக்கத்து ஆட்டம் பின்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக இருந்தால் பயணம் சீராகும் என்று காட்டினார். ஒரு மேட்டை முன் சக்கரம் முதலில் சந்திக்கிறது, பின் சக்கரம் சிறிது நேரம் கழித்து. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து இரண்டும் சேர்ந்து மேலும் கீழும் போகும். இல்லையென்றால் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். பம்பர் மாட்டாத வண்டிக்குப் பம்பர் சுமைக்கான முன் ஸ்பிரிங்கைப் போட்டால் ஓலியின் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இனி உயரம். 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் பாறையில் மூக்கு இடிக்காது, வயிறு தட்டாது, சக்கரம் கீழே தொங்க இடம் கிடைக்கும். ஆனால் டிஃப்ரன்ஷியல் உறை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது ஆக்சிலோடு இருக்கிறது, ஆக்சில் டயர்மேல் நிற்கிறது. அதை உயர்த்தப் பெரிய டயர் மட்டுமே வழி, அதிலும் விட்டத்தில் கூடியதில் பாதிதான் கிடைக்கும்.

உயர்த்தியதும் கோணங்கள் எல்லாம் கலைகின்றன. முன் கைகள் சேசிஸிலிருந்து கீழ்நோக்கிச் சாய்கின்றன, அவற்றோடு ஆக்சிலும் முன்பக்கமாகச் சுழல்கிறது. கை ஒரு மீட்டர் நீளம் என்றால் 50 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 டிகிரி. சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்குக் காஸ்டர் என்று பெயர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். 80க்குத் தொழிற்சாலை வைத்ததே சுமார் 3 டிகிரிதான். அது பறிபோனால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும், ஓட்டுநர் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருப்பார், தோள் வலிக்கும். கைகளின் முனையில் மையம் விலகிய துளை கொண்ட ரப்பர் புஷ்களைப் போட்டு ஆக்சிலைப் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்கிறார்கள். அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஆக்சிலைத் திருப்பும்போது பின்னோக்கி நீட்டியிருக்கும் டிஃப்ரன்ஷியலின் மூக்கு கீழே இறங்குகிறது. அதோடு இணையும் சுழல்தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் கோணம் கூடுகிறது. பெரும்பாலான 80களில் நான்கு சக்கர இழுவை முழுநேரமும் இயங்குவதால் அந்தத் தண்டு எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். கோணம் அதிகமானால் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு முனகலும் நடுக்கமும் கிளம்பும். 50 மில்லிமீட்டரோடு நிறுத்தினால் புஷ்ஷோடு சமாளிக்கலாம். 100க்குப் போனால் இரட்டை ஜாயின்ட் தண்டு, புதிய கைகள், நீண்ட பிரேக் குழாய்கள் என்று பட்டியல் நீளும். என் பார்வையில் பயண வண்டிக்கு 50 போதும்.

பேன்ஹார்ட் ராட் ஒரு முனையில் சேசிஸையும் மறுமுனையில் ஆக்சிலையும் பிடித்திருப்பதால், உயர்த்தும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். தண்டு முதலிலேயே 10 டிகிரி சாய்ந்திருந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். நீளம் மாற்றக்கூடிய தண்டால் அது சரியாகிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது பிரேக். பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு தண்டோடு இணைந்த வால்வு 80இல் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் 'சுமை இருக்கிறது' என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். உயர்ந்தால் குறைக்கும். வண்டியை உயர்த்தி, சாமானும் நிறைய ஏற்றி, வால்வைத் தொடாமல் விட்டால், அது வண்டி காலி என்றே எண்ணிக்கொள்ளும். பின் பிரேக் முழுத் திறமையோடு வேலை செய்யாது. அந்தத் தண்டை உயரத்துக்கு ஏற்ப மாற்றிவைப்பது சிறிய வேலைதான், ஆனால் ஓர் உயிரைக் காக்கும் வேலை.

ஈர்ப்பு மையமும் ஏறுகிறது. சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் என்று வைத்து, அது 4 சென்டிமீட்டர் ஏறினால், கவிழாமல் தாங்கும் திறன் சுமார் 5 சதவீதம் குறைகிறது. கூரைமேல் கூடாரமும் டீசல் கேன்களும் ஏற்றினால் இன்னும் குறையும். உயரத்துக்கு ஆஸ்திரேலிய மாநிலங்கள் வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் பொறியாளர் சான்றிதழ் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கனமானவற்றைத் தாழ்வாக, இரண்டு ஆக்சிலுக்கும் இடையே வைத்தாலே உயர்த்தியதன் இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, முப்பது வயது வண்டியில் முதலில் எதற்குச் செலவழிப்பது என்று கேட்டால் ரப்பர் புஷ்களுக்கு என்பேன். ஒவ்வொரு கையின் முனையிலும் ஷாக்கின் முனையிலும் இருக்கும் ரப்பர் ஆண்டுகள் போகப்போக இறுகி, வெடித்து, கடைசியில் தூளாகிறது. அதன் பிறகு ஆக்சில் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பேன்ஹார்ட் ராட்டின் புஷ் தேய்ந்த வண்டி, நெடுஞ்சாலையில் ஒரு சிறு மேட்டைத் தொட்டதும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குமளவுக்கு நடுங்கத் தொடங்கிவிடும். விலையுயர்ந்த ஷாக் எதையும் மாட்டி இதை நிறுத்த முடியாது. இரண்டு பேர் இருந்தால் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓட, சக்கரம் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். மற்றவர் தண்டின் முனையைப் பார்க்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி உலோகம் அசைகிறது, ரப்பர் அசையவில்லை என்றால் புஷ் செத்துவிட்டது.

புதிய புஷ்ஷைப் பூட்டும்போது கடைசி இறுக்கத்தை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கொடுக்கக் கூடாது. இந்த ரப்பர் தன் உள்குழாயையும் வெளிக்குழாயையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முறுகிக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் கோணம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் எல்லாப் புஷ்ஷும் நிரந்தரமாக முறுகியே இருக்கும், ஓராண்டுக்குள் கிழியும். எல்லாப் போல்ட்டையும் கை இறுக்கத்தில் விட்டு, சக்கரம் பூட்டி, தரையில் இறக்கி, வழக்கமான சாமான்களை ஏற்றி, வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு, அதன் பிறகே அடியில் படுத்து டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புதிய ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். அப்போது அந்த நான்கு அளவையும் மறுபடி எடுத்து ஒப்பிட்டு, அலைன்மென்ட்டை அன்றைக்குத்தான் வைக்க வேண்டும்.